தமிழ்நாட்டில இருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்குப் பிரதேச சபைக் காசு: எந்தச் செலவுத் தலைப்பில, எந்தச் சங்கம் ஊடாக?

குளக்கட்டு எழுதியது:

தமிழ்நாட்டு முகாம்களில இருந்து திரும்பி வாற குடும்பங்களோட வேலை செய்யிற தொண்டு நிறுவனங்கள் வன்னியில எல்லா மாவட்டத்திலயும் இருக்கு. வெளிநாட்டு நிதி குறைஞ்சு கொண்டு போகுது. 2023 மார்ச்சில பிரதேச சபைகளின்ர காலம் முடிஞ்ச பிறகு ரெண்டு வருசத்துக்கு மேல சபைச் செயலாளர்மார் தான் நடத்திச்சினம். 2025 மே தேர்தலோட திரும்பவும் தெரிவான உறுப்பினர்கள் வந்திட்டினம். கதைக்க ஆள் இருக்கு.

பிரதேச சபை நிதியில இருந்து இந்த வேலைக்குப் பங்கு கேக்கலாமோ? கேக்கலாம் எண்டால் யாரிட்ட, எந்த மாதம், என்ன கடுதாசியோட? கணக்குப் பார்க்க வசதியா ஒரு கிராமத்தில 20 குடும்பம், 80 பேர் எண்டு வச்சுக்கொள்ளுவம். சபை வேலை தெரிஞ்ச ஆக்கள் விபரமா எழுதுங்கோ.

சபைக்கணக்கு எழுதியது:

கேட்கலாம். ஆனால் "எங்கள் நிறுவனத்துக்கு இவ்வளவு லட்சம் தாருங்கள்" என்று கேட்டால் கடிதம் கோவைக்குள் போய் உறங்கும். ஏன் என்று விளங்கினால் மற்றதெல்லாம் சுலபம்.

சபையின் காசு இரண்டு பக்கத்தால் வருகிறது. ஒன்று சொந்த வருமானம்: ஆதன வரி, வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, முத்திரைக் கட்டணம், நீதிமன்றத் தண்டப் பணத்தில் சபைக்குச் சேரும் பங்கு. மற்றது அரசிடமிருந்தும் மாகாணத்திடமிருந்தும் வரும் நன்கொடை. அது என்ன வேலைக்கு என்று குறிக்கப்பட்டே வரும். சம்பளத்தின் பெரும்பகுதி அதில் போகிறது. ஆகவே சபை தன் விருப்பப்படி செலவழிக்கக்கூடியது சொந்த வருமானத்தில் மிஞ்சுவது மட்டும்தான். நகரமும் பெரிய சந்தையும் இல்லாத மாந்தை கிழக்கு, துணுக்காய் போன்ற சபைகளில் அந்த மிச்சம் சின்னது. முதலில் சபையின் சென்ற வருடப் பாதீட்டை (வரவு செலவுத் திட்டத்தை) எடுத்துப் பாருங்கள். எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவாகாமல் கிடந்தது என்பது அதில் தெரியும். செலவாகாமல் கிடந்த தலைப்புத்தான் உங்களுக்கு வாசல்.

சட்டத்தில் தடை இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், 19ஆம் பிரிவு, சபை செய்யக்கூடியவற்றை வரிசையாகச் சொல்கிறது. வறியோருக்கான நிவாரணம், பெண்கள் அபிவிருத்தி, பின்தங்கிய கிராமங்களை முன்னேற்றுதல் எல்லாம் அதில் வருகின்றன. திரும்பி வந்த குடும்பம் இவற்றில் எதற்குள்ளும் பொருந்தும். கடிதத்தில் பிரிவின் இலக்கத்தைப் போட்டுவிட்டால், செயலாளர் "இதற்குச் சபைக்கு அதிகாரம் இருக்கிறதா" என்று உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கும் மாதங்கள் மிச்சம்.

காலம்: நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. பாதீடு டிசம்பர் 31க்கு முன் நிறைவேற வேண்டும். தலைப்புகள் உருவாகிற காலம் ஓகஸ்ட், செப்டெம்பர். நவம்பரில் கடிதம் கொடுத்தால் அடுத்த வருடத்துக்கும் பிந்திவிட்டீர்கள். ஒரு சபையில் தனிப் பெரும்பான்மை இல்லாமல் தவிசாளர் (சபைத் தலைவர்) இருந்தால், பாதீடு முதல் தடவை தோற்று இரண்டு கிழமைக்குள் திருத்தத்துடன் திரும்ப வரக்கூடும். அந்த இரண்டு கிழமையில் சின்னத் தலைப்புகளைத்தான் முதலில் வெட்டுவார்கள். உங்கள் தலைப்புக்குப் பேச எதிர்த் தரப்பிலும் ஒருவர் வேண்டும்.

மல்லாவிச்சந்தி எழுதியது:

சபைக்கணக்கு அண்ணை சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். சபை காசு குடுத்துப் பழகின பாதை ஒண்டு ஏற்கெனவே இருக்கு. சனசமூக நிலையம். அது சபையிலதான் பதிவு, சபையில இருக்கிற அபிவிருத்தி உத்தியோகத்தர்தான் கணக்குப் பார்க்கிறவர், வருசாவருசம் பேப்பர், தளபாடம் எண்டு சின்னதா நன்கொடை போகுது. அந்த வவுச்சர் எப்பிடி எழுதிறது எண்டு கிளாக்குக்குத் தெரியும். புதுசா ஒரு தொண்டு நிறுவனத்தின்ர பேரைப் போட்டால் எல்லாரும் கையெழுத்து வைக்கப் பயப்பிடுவினம்.

ரெண்டாவது கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். இவை மாகாணக் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தில பதிவு. சின்னக் கட்டட வேலை, வாய்க்கால், கிணறு எல்லாம் இந்தச் சங்கங்களுக்கு ஒப்பந்தமாக் குடுக்கலாம். கேள்வி மனு கோராமலே சமூக ஒப்பந்தமாக் குடுக்க கொள்முதல் விதியில இடம் இருக்கு, தொகைக்கு எல்லை உண்டு.

அதால தொண்டு நிறுவனம் பின்னுக்கு நிண்டு திட்டத்தை எழுதிக் குடுக்கட்டும், கையெழுத்து கிராம அபிவிருத்திச் சங்கத்தின்ரயா இருக்கட்டும். காசு சங்கத்தின்ர கணக்குக்கு வரட்டும்.

பாலைநிழல் எழுதியது:

மல்லாவிச்சந்தி, அதில ஒரு பெரிய சிக்கல் இருக்கு. திரும்பி வந்த குடும்பம் அந்தச் சங்கத்தில அங்கத்தவர் இல்லை. 1990இல போனவை, 2006க்குப் பிறகு போனவை, அங்க பிறந்து வளர்ந்து இங்க ஒருத்தரையும் தெரியாமல் வந்த பிள்ளையள். நிர்வாகத்தில இருக்கிறது ஊரில நிண்டு எல்லாத்தையும் அனுபவிச்ச சனம். பயனாளிப் பட்டியல் போடேக்க "நாங்கள் செத்துப் பிழைச்சு இருக்கிறம், நீங்கள் இந்தியாவில இருந்து வந்தனீங்கள்" எண்ட கதை வரும். அவையிலயும் பிழை இல்லை. ஆனால் பட்டியலில கடைசி இடம் திரும்பி வந்தவைக்குத்தான்.

இந்திய அரசின்ர காசில கட்டின வீட்டுத் திட்டத்திலயும் இதுதான் நடந்தது. வீட்டுக்கு 550,000 ரூபா. புள்ளி போட்டுத்தான் தெரிவு. அங்கத்தவர் தொகை கூடின குடும்பத்துக்குப் புள்ளி கூட. தனிய இருந்த வயோதிபருக்கும் ரெண்டு பேர் குடும்பத்துக்கும் புள்ளி காணாது. பட்டியல் மூடின பிறகு வந்தவை பட்டியலிலயே இல்லை.

சங்கம் ஊடாப் போறதெண்டால் கடிதம் குடுக்க முதல் ஒரு வேலை செய்யவேணும். திரும்பி வந்த குடும்பங்களைச் சந்தா கட்டுவிச்சு அங்கத்தவராக்கி, வருடாந்தப் பொதுக்கூட்டத்தில நிர்வாகத்துக்கு ஒருத்தரையாவது தெரிவு செய்விக்கவேணும். மாதர் சங்கத்தில இது லேசு. அங்க ஆக்கள் காணாமல்தான் கிடக்கு.

அருவியாறு எழுதியது:

அதுக்கும் முதல் ஜி.எஸ் (கிராம அலுவலர்) பதிவு. பதிவு இல்லாத குடும்பம் சபைக்குக் கண்ணுக்குத் தெரியாது. சபை வதிவாளருக்குத்தான் செலவழிக்கலாம். வதிவாளர் எண்டு சொல்லுறது கிராம அலுவலர்.

கொண்டு போக வேண்டியவை: தமிழ்நாட்டில குடுத்த வெளியேறும் அனுமதி, யு.என்.எச்.சி.ஆர் (ஐ.நா. அகதிகள் அமைப்பு) ஊடாக வந்திருந்தால் அந்தக் கடிதம், வந்த தற்காலிகப் பயண ஆவணம், பழைய குடும்ப அட்டை அல்லது பழைய வாக்காளர் இடாப்பில பேர் இருந்த பக்கத்தின்ர பிரதி, காணி உறுதியோ அனுமதிப் பத்திரமோ ஏதாவது. காணி இல்லாமல் உறவுக்காரர் வளவில இருக்கிறவை அந்த வளவுக்காரரின்ர சம்மதக் கடிதம். எல்லாத்திலயும் ரெண்டு பிரதி. மூலப் பத்திரத்தை ஒரு மேசையிலயும் விட்டிட்டு வரக்கூடாது.

பிள்ளையள் பாடுதான் பெரிசு. தமிழ்நாட்டில பிறந்த பிள்ளையிட்ட நகராட்சிப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும். அது காணாது. சென்னைத் துணைத் தூதரகத்தில தூதரகப் பிறப்புப் பதிவு, அதுக்குப் பிறகு குடியுரிமைச் சான்றிதழ். பிறந்து ஒரு வருசத்துக்குள்ள பதிஞ்சிருக்கவேணும். பிந்தினால் தண்டக் கட்டணமும் கூடுதல் விளக்கமும். அங்கயே முடிச்சுக் கொண்டு வந்தவைக்குப் பிரச்சினை குறைவு. முடிக்காமல் வந்தவை பத்தரமுல்லையில குடிவரவுத் திணைக்களம் இருக்கிற சுகுறுபாயவுக்கு அலையவேணும். மன்னாரில இருந்தோ முல்லைத்தீவில இருந்தோ ஒரு குடும்பம் போய் வர ஒரு நாளும் கூலியும் பஸ் காசும் போயிடும். குடியுரிமை இல்லாட்டி 15 வயசில தேசிய அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாட்டி சாதாரண தரப் பரீட்சையில இருந்து வங்கிக் கணக்கு வரைக்கும் இழுபடும்.

சபைக்கணக்கு ஐயாவிட்ட கேள்வி: இந்தப் பயணச் செலவைச் சபை குடுக்கேலுமோ?

சபைக்கணக்கு எழுதியது:

தனி ஆளின் பஸ் காசைச் சபை நிதியில் கொடுத்தால் கணக்காய்வில் நிற்காது. தொண்டு நிறுவனம் தன் காசை வைக்க வேண்டிய இடம் அதுதான். சபை கணக்காய்வுக்கு ஆவணம் காட்டிக் கொடுக்க முடியாததெல்லாம் நிறுவனத்தின் காசில். சபை பொருளாக, வாகனமாக, கட்டடமாகத் தரக்கூடியதெல்லாம் சபையிடம். இந்தப் பிரிப்பைச் செய்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள்.

ஆனால் நடமாடும் சேவைக்குச் சபை தாராளமாக உதவலாம். பிரதேச செயலாளர் திகதி குறித்து பதிவாளர், ஆட்பதிவு, காணிப் பகுதி உத்தியோகத்தர்களை அழைப்பார். சபை தன் மண்டபத்தை வாடகை இல்லாமல் தரும், ஜெனரேற்றர், கதிரை, தண்ணீர், குப்பை அகற்றல். நிறுவனம் போட்டோப் பிரதி இயந்திரம், படம் எடுப்பவர், படிவம் நிரப்பத் தெரிந்த நாலு பேர், சாப்பாடு. மண்டப வாடகை விலக்குக்கும் சபைத் தீர்மானம் வேண்டும், தவிசாளரின் வாய்ச்சொல் போதாது. ஒரு மாதத்துக்கு முந்திய கூட்டத்திலேயே எடுப்பித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வந்து முடியாமல் போகும் காரணம் அநேகமாக ஒன்றுதான்: தகப்பன் தாயின் பழைய பிறப்புப் பதிவு எந்த மாவட்டத்தில் என்று தெரியாமல் வருவது. படிவத்தை ஒரு கிழமைக்கு முன்பே வீட்டில் போய் நிரப்பி, பிறந்த இடமும் வருடமும் எழுதிப் பதிவாளரிடம் கொடுத்தால் அவர் தேடி வைத்திருப்பார்.

அருவியாறு எழுதியது:

சரி ஐயா. அதோட இன்னொண்டையும் எல்லாரும் தெரிஞ்சிருக்கவேணும். 2025 மே மாதம் யு.என்.எச்.சி.ஆர் ஒழுங்கில வந்த முதியவர் ஒருத்தர் பலாலி விமான நிலையத்தில இறங்கின உடன கைதானவர், முந்திக் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுப் போனதெண்டு. படகில போனவைதான் முக்கால்வாசிப் பேரும். வர இருக்கிற குடும்பத்துக்கு சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தின்ர தொடர்பை முதலே குடுத்து வையுங்கோ. இது சபை வேலை இல்லை, ஆனால் நிறுவனத்தின்ர முதல் நாள் வேலை.

தேக்கங்காடு எழுதியது:

தண்ணியைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. சபையிட்ட உடன கேக்கக்கூடியது அதுதான். பவுசர் (தண்ணி வண்டி) சபையிட்ட இருக்கு, சாரதி இருக்கு, டீசலுக்குத் தலைப்பு இருக்கு. புதுசா ஒரு சதமும் ஒதுக்கத் தேவையில்லை, ஓடுற பட்டியலில ஒரு இடத்தைக் கூட்டினால் காணும்.

குளக்கட்டு சொன்ன 80 பேரைக் கணக்குப் பாப்பம். அவசர காலத்தில ஆளுக்கு நாளைக்கு 15 லீற்றர் எண்டது உலகம் முழுக்க வச்சிருக்கிற அளவு. 80 பேருக்கு 1,200 லீற்றர். சபைப் பவுசர் 5,000 லீற்றர் எண்டால் ஒரு லோட் நாலு நாளைக்கு. கிழமைக்கு ரெண்டு தரம் வந்தால் காணும் எண்டு எல்லாரும் எழுதிப்போட்டுக் கையெழுத்து வாங்கிடுவினம்.

பவுசர் வரும். இறக்க இடம் இராது. அங்க நிக்கிறது 1,000 லீற்றர் தாங்கி ஒண்டு அல்லது ரெண்டு. 2,000ஐ இறக்கிப்போட்டு மிச்சம் 3,000ஐத் திரும்பக் கொண்டு போகும், அல்லது வேலியடியில ஊத்திப்போட்டுப் போகும். சனத்துக்கு ரெண்டு நாள் தண்ணி, ரெண்டு நாள் இல்லை. பவுசர் அளவுக்குத் தாங்கி இருக்கவேணும்: 5,000க்கு அஞ்சு தாங்கி, ஒரே இடத்தில இல்லாமல் ரெண்டு மூண்டு இடமா.

அடுத்தது உயரம். தாங்கி நிரம்பினால் தண்ணி மட்டும் ஒரு தொன். நாலு மரக்குத்தியில வச்சால் மாரிக்குச் சரியும். புளொக் கல்லுக் கட்டி உள்ளுக்கு மண் இறுக்கி, மேல கொங்கிறீற் தட்டு. குடம் வைக்க ரெண்டரை அடி உயரம் வேணும். அந்தத் தட்டுக்கு மேல தாங்கியின்ர உயரம் நாலடிக்குக் கிட்ட. வாய் ஆறரை, ஏழு அடியில நிக்கும். உழவு இயந்திரத்தில கொளுவின பவுசரின்ர வால்வு மூண்டு அடியில. தண்ணி மேல ஏறாது. பவுசரில பம் இருக்கோ, ஹோஸ் எத்தினை அடி எண்டு சாரதியைக் கேட்டிட்டுத்தான் தட்டின்ர உயரத்தைத் தீர்மானிக்கவேணும். பம் இல்லாட்டி சின்ன பெற்றோல் பம் ஒண்டு நிறுவனத்தின்ர பங்கா வாங்குங்கோ.

பைப்புக்குக் கீழ கல்லும் மணலும் போட்ட ஊறல் கிடங்கு கட்டாயம். இல்லாட்டி ஒரு மாதத்தில சேறு, நுளம்பு, பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிப்பாட்டுவார். குளோரின் அளவு பைப்பில 0.2க்குக் குறையக்கூடாது, லீற்றருக்கு மில்லிகிராமில. பி.எச்.ஐயிட்ட பாக்கிற பெட்டி இருக்கு, மாதம் ஒருக்கால் வரச்சொல்லி எழுதிக் கேளுங்கோ.

குளக்கட்டு எழுதியது:

தேக்கங்காடு அண்ணை, பவுசர் எத்தினை மாதம் ஓடும்? கிணறு திருத்திறது நல்லமோ?

தேக்கங்காடு எழுதியது:

கிணறுதான் முடிவு. பவுசர் ஒக்டோபர் மழை தொடங்க உள் ரோட்டுகளில புதையும். அதுக்கு முதல் கிணறு ஆயத்தமா இருக்கவேணும்.

வன்னியில விட்டுட்டுப் போன கிணத்தை உடன இறங்கித் துப்பரவாக்கக் கூடாது. சண்டைக் காலத்தில வெடிபொருள் போட்ட கிணறுகள் உண்டு. கண்ணிவெடி அகற்றுற ஆக்களுக்கு அல்லது பொலிசுக்கு அறிவிச்சுப் பாத்துத் துப்பரவு எண்டு எழுத்தில எடுத்த பிறகு இறைப்பு. எண்ணெயில ஓடுற பம்மைக் கிணத்துக்குள்ள இறக்கி ஓட்டக்கூடாது. அந்தப் புகை கீழ தங்கி, இறங்கிற ஆளைக் கொல்லும். பம் மேல, குழாய் கீழ.

இறைச்சு, சேறு அள்ளி, ஊறவிட்டுத்தான் மருந்து. 10 அடி விட்டக் கிணத்தில 6 அடி தண்ணி நிண்டால் 13,000 லீற்றர் சொச்சம். முதல் தரம் வலுவாப் போட ரி.சி.எல் தூள் (குளோரின் தூள்) ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. வாளியில கரைச்சு, தெளிவை மட்டும் ஊத்தி, சுவரும் நனைய அடிச்சு, ஒரு நாள் விட்டு முழுக்க இறைச்சு ஊத்தவேணும். அந்தத் தண்ணியைக் குடிக்கவோ மரக்கறிக்கு விடவோ கூடாது. பிறகு வழமையாப் போடுறது ஆயிரம் லீற்றருக்கு ரெண்டரைக் கிராம், அதாவது இந்தக் கிணத்துக்கு 33 கிராம் மட்டில. தூள் பழசெண்டால் வலு இல்லை. பை திறந்து கிடந்ததை வாங்காதையுங்கோ.

கட்டு, தட்டு, சுற்று மதில் எஸ்டிமேட்டைச் சபை டி.ஓ (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) போட்டுத் தருவார். சபை வேலையா எடுக்கேக்க அவரின்ர எஸ்டிமேட் இல்லாமல் ஒண்டும் நகராது. அவருக்கு வாகனம் இல்லாமல்தான் மாதக்கணக்காப் பிந்தும், நிறுவனத்தின்ர வாகனத்தில கூட்டிக்கொண்டு போங்கோ.

மாந்தையூரான் எழுதியது:

எல்லாரும் நல்லா எழுதியிருக்கிறியள். ஆனால் நான் இதில உடன்படேல்லை. ஏன் "மீளத் திரும்பியோர்" எண்டு தனித் தலைப்பு? அதே கிராமத்தில 2009க்குப் பிறகு மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில இருந்து வந்த குடும்பம் இண்டைக்கும் தகரத்துக்குக் கீழ இருக்கு. சபை இந்தியாவில இருந்து வந்தவைக்கு மட்டும் தாங்கி வச்சுக் குடுத்தால் அயல் முறுகும். பிள்ளையள் பள்ளிக்கூடத்தில கூட அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டி வரும். தலைப்பு கிராமத்தின்ர பேரில இருக்கட்டும்.

பாலைநிழல் எழுதியது:

மாந்தையூரான் அண்ணை, கிராமத்தின்ர பேரில போட்டால் ரெண்டாவது வருசம் அது மதகுக்குப் போயிடும். பதிவில இல்லாத சனம் எண்டு தெரிஞ்சும் பொதுவில கரைச்சால் அவைக்கு ஒண்டும் மிஞ்சாது.

சபைக்கணக்கு எழுதியது:

இருவரும் சொல்வதற்கு ஒரே தலைப்புக்குள் இடம் இருக்கிறது. தலைப்பின் பெயர் பொதுவாக இருக்கட்டும்: "குடிநீர் வசதியற்ற குடும்பங்களுக்கான ஏற்பாடு" என்பது போல. தெரிவு நிபந்தனையில், சபைத் தீர்மானத்தோடு இணைத்த பக்கத்தில், "இதுவரை எந்த வீட்டுத்திட்டத்திலும் கிணற்றுத் திட்டத்திலும் பயன்பெறாத குடும்பங்களுக்கு முன்னுரிமை" என்று எழுதுங்கள். திரும்பி வந்தவர்கள் தானாகவே மேலே வருவார்கள். தகரக் கொட்டிலில் இருக்கும் பழைய குடும்பமும் அதில் வரும். யாரும் யாரையும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்கத் தேவை வராது.

பாலைநிழல் சொல்லும் பயம் உண்மையானது. அதற்கு மருந்து தீர்மானத்தின் பிரதி. நிபந்தனைப் பக்கம் இல்லாத தலைப்பை வருட நடுவில் வேறொன்றுக்கு மாற்றுவது சுலபம். மாற்றுவதற்கும் சபைத் தீர்மானம் வேண்டும் என்றாலும் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியாகப் போய்விடும். மாதாந்தக் கூட்டத்தை யாராவது கவனித்துக்கொண்டு இருக்க வேண்டும். சபைக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத வதிவாளரையும் சேர்க்கலாம். மாதர் சங்கத்தில் ஒருவரை வீடமைப்பு, சமூக அபிவிருத்திக் குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாந்தையூரான் எழுதியது:

நிபந்தனை அப்பிடி எண்டால் எனக்குச் சம்மதம். பட்டியலை ஜி.எஸ் அலுவலகச் சுவரில ஒட்டி, முறைப்பாட்டுக்கு ரெண்டு கிழமை விடவேணும். அதையும் தீர்மானத்தில போடுங்கோ.

கடலோரம் எழுதியது:

வணக்கம். வெளிநாட்டில் இருக்கும் ஊர் ஒன்றியங்கள் சார்பில் ஒரு கேள்வி. நாங்கள் காசைச் சபைக்கே நேரடியாக அனுப்பி, சபை அதோடு தன் பங்கையும் போட்டுச் செய்தால் என்ன?

சபைக்கணக்கு எழுதியது:

வேண்டாம் தம்பி. சபை நிதிக்குள் விழுந்த காசு சபைக் காசுதான். பாதீட்டில் தலைப்பு இல்லாமல் வெளியே எடுக்க முடியாது. குறைநிரப்பு மதிப்பீடு (வருட நடுவில் சேர்க்கும் ஒதுக்கீடு), திரும்பவும் தீர்மானம். டிசம்பருக்குள் செலவாகாவிட்டால் அடுத்த வருடக் கணக்கில் தேடிப் பிடிக்க வேண்டும்.

உங்கள் காசு சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு அல்லது பதிவுள்ள நிறுவனத்துக்குப் போகட்டும். சபையின் பங்கு பொருளாக: பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்), உழவு இயந்திரம், கிறவல், டி.ஓவின் நேரம். இரண்டையும் ஒரே எஸ்டிமேட்டில், எது யாருடையது என்று வரிக்கு வரி பிரித்து எழுதி, தவிசாளரும் சங்கத் தலைவரும் கையெழுத்திட்ட ஒரு பக்க உடன்படிக்கை. இது இல்லாமல் ஒரே கிணற்றுக்கு ஒன்றியமும் காசு கொடுத்து, சபையும் பில் போட்டால் கணக்காய்வு இரட்டைக் கொடுப்பனவு என்று எழுதும். எழுதினால் பொறுப்பு கையெழுத்து வைத்த உத்தியோகத்தரின் தலையில். அடுத்த தடவை அவர் எந்தச் சங்கத்துக்கும் கையெழுத்து வைக்க மாட்டார்.

நிறுவனத்தின் பதிவையும் பாருங்கள். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூகசேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு, அல்லது 2007 கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனி. கொழும்பில் பதிந்த நிறுவனம் மாவட்டத்தில் வேலை செய்ய மாவட்ட செயலகத்தின் இணக்கம் வேண்டும். அந்தக் கடிதம் இல்லாத நிறுவனத்தின் பெயரைச் சபைத் தீர்மானத்தில் எழுதவே விடமாட்டார்கள்.

அருவியாறு எழுதியது:

ஒரு துணைக் கேள்வி. 2024 டிசம்பரில முள்ளிவாய்க்கால் கரையில வந்திறங்கின ரோகிஞ்சா ஆக்களுக்கும் இதே பாதை சரிவருமோ? அப்ப ஊர்ச்சனம் சாப்பாடு, தண்ணி எண்டு ஓடினது.

சபைக்கணக்கு எழுதியது:

சரிவராது. இலங்கை 1951 அகதிகள் சமவாயத்தில் ஒப்பமிடவில்லை. வெளிநாட்டவர் குடிவரவுத் திணைக்களத்தின் கீழ். அவர்களைக் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில்தான் வைத்தார்கள். அங்கே சபைக்கு அதிகாரம் இல்லை. கரையில் இறங்கி நிற்கும் முதல் சில மணித்தியாலங்களில் பவுசரும் குப்பை வண்டியும் அனுப்பலாம், அது அனர்த்த வேலையாக ஓடும். அதற்குப் பிறகு யு.என்.எச்.சி.ஆரும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும்தான்.

மல்லாவிச்சந்தி எழுதியது:

வேலை கிடைச்ச பிறகு சங்கங்கள் விழுற குழியையும் சொல்லுறன். சங்கத்திட்ட கைக்காசு இல்லை. சபை வேலையை அளந்துதான் காசு குடுக்கும், அதிலயும் ஒரு வீதத்தைப் பிடிச்சு வைக்கும், பராமரிப்புக் காலம் முடிஞ்சுதான் அது வரும். சீமெந்தும் கம்பியும் கடையில கடன். பில் பிந்தினால் கடைக்காரர் தலைவர் வீட்டு வாசலுக்கு வருவார். தொண்டு நிறுவனம் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்: முதல் கட்டப் பொருளை வாங்கிக் குடுத்து, சபைக் காசு வந்த உடன சங்கம் திருப்பிக் குடுக்கிற சுழற்சி.

கல் மண் பறிச்சதில இருந்து ஒவ்வொரு கட்டமும் படம் எடுங்கோ, அத்திவாரத்தை மூட முதல் டி.ஓவைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கோ. மூடினதை அளக்க ஏலாது, அளக்காததுக்குக் காசு இல்லை. செப்டெம்பரில ஒப்பந்தம் வந்தால் கிணறு, அத்திவாரம் தொடங்காதையுங்கோ. நவம்பரில குழி நிறையத் தண்ணி நிக்கும், டிசம்பரில தலைப்பு முடிஞ்சிடும். அந்த நேரம் கிடைச்சால் தாங்கி, குழாய், கூரைத்தகடு மாதிரி வாங்கி வைக்கிற பொருளா மாத்திக் கேளுங்கோ.

சங்கத்தின்ர கடைசிப் பொதுக்கூட்ட அறிக்கை, கணக்கறிக்கை, ரெண்டு கையெழுத்து வங்கிக் கணக்கு உயிரோட இருக்கோ எண்டு இப்பவே பாருங்கோ. பாதிச் சங்கத்தின்ர வங்கிக் கணக்கு ஓடாமல் கிடக்கு.

பாலைநிழல் எழுதியது:

குடுத்த கடிதத்துக்குப் பதில் வராட்டி? தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, 2016இன் 12ஆம் இலக்கம். ஆர்.டி.ஐ 01 படிவம், சபையின்ர தகவல் உத்தியோகத்தரிட்ட. 14 வேலை நாளுக்குள்ள தருவினமோ இல்லையோ எண்டு சொல்லவேணும். முதல் நாலு பக்கப் பிரதி இலவசம். "எங்கட கடிதத்துக்கு என்ன நடந்தது" எண்டு கேக்காதையுங்கோ. இன்ன தலைப்பில இந்த வருசம் ஒதுக்கின தொகை, செலவழிச்ச தொகை, பயனாளிப் பட்டியல் எண்டு ஆவணத்தின்ர பேரைச் சொல்லிக் கேளுங்கோ. பற்றுச்சீட்டு வாங்க மறக்க வேண்டாம்.

குளக்கட்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கடிதத்தை இப்பிடி எழுதியிருக்கிறன், பாத்துச் சொல்லுங்கோ:

"கௌரவ தவிசாளர் அவர்கட்கு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 19ஆம் பிரிவின் கீழ், எமது கிராம அலுவலர் பிரிவில் இதுவரை எந்தத் திட்டத்திலும் பயன்பெறாத 20 குடும்பங்களுக்கு (80 பேர்) குடிநீர் வசதி ஏற்படுத்த அடுத்த ஆண்டுப் பாதீட்டில் ஒதுக்கீடு கோருகிறோம். சபையின் பங்கு: கிழமைக்கு இரண்டு தடவை பவுசர், கிணறு ஒன்றின் திருத்தம். சங்கத்தின் பங்கு: 1,000 லீற்றர் தாங்கி ஐந்து, தட்டு, ஊறல் கிடங்கு, பம். இணைப்பு: சங்கப் பதிவு, பொதுக்கூட்ட அறிக்கை, கணக்கறிக்கை, வங்கிக் கணக்குப் பிரதி, கிராம அலுவலர் உறுதிப்படுத்திய பட்டியல், டி.ஓ எஸ்டிமேட்."

சபைக்கணக்கு எழுதியது:

நன்றாக இருக்கிறது. "பவுசர்" என்ற இடத்தில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று போடுங்கள், ஜூனிலிருந்து ஒக்டோபர் நடு வரை என்றால் டீசலை அவர்கள் கணக்கிடலாம். கிணறு சபைக் காணியிலா தனியார் வளவிலா என்று ஒரு வரி சேருங்கள். தனியார் வளவென்றால் சபை கை வைக்காது, பொதுப் பாவனைக்கென்று உரிமையாளர் எழுதிக் கொடுத்த கடிதம் வேண்டும். முகவரியில் செயலாளருக்கும் உதவி ஆணையாளருக்கும் பிரதி போடுங்கள். ஓகஸ்ட் நடுவுக்கு முன் கையில் கொடுத்து, திகதி முத்திரை குத்திய பிரதியை வாங்குங்கள்.

தேக்கங்காடு எழுதியது:

தாங்கி வாங்க முதல் சாரதியிட்ட ஹோஸ் நீளத்தைக் கேளுங்கோ.